ராத்தா வறுத்த ஹோஜிச்சா

போன வெள்ளிக்கிழமை ஜும்ஆ தொழுதுவிட்டு, நிந்தவூரில் இருக்கும் என் உடன்பிறந்த ராத்தா வீட்டுக்குப் பகல் சாப்பாட்டுக்குப் போயிருந்தேன். இறைச்சி, கணவாய், கத்தரிக்காய்ப் பொரியல் என்று எல்லாம் முடிந்து கை கழுவியதும் ஒரு சின்னக் கோப்பையில் வட்டிலப்பம் வந்தது.

வட்டிலப்பத்தில் எனக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை. தேங்காய்ப்பால், முட்டை, கருப்பட்டி, கொஞ்சம் ஏலக்காய்... பெருநாள் காலையில் தொழுகைக்குப் போகுமுன்பே களவாகக் கரண்டி போடுகிற கூட்டத்தில் நானும் ஒருவன். ஆனால் இந்த வட்டிலப்பத்தை வாய்க்குக் கிட்டக் கொண்டுபோனபோது எனக்குப் பெருநாள் ஞாபகம் வரவில்லை. வேளாண்மை வெட்டி முடித்து, வைக்கோலுக்கு நெருப்பு வைத்த வயல்தான் ஞாபகம் வந்தது.

"ராத்தா, இது அடிப்பிடிச்சுப் போச்சா?" என்று கேட்டுவிட்டேன். ஆவியில் அவிக்கிற சாமான் எப்படி அடிப்பிடிக்கும் என்று அந்த நேரம் யோசனை வரவில்லை.

"வாய மூட்ரா. அது ஹோஜிச்சா வட்டிலப்பம். நீதானே மாத்திக் குடுக்கச் சென்ன?" என்றார் ராத்தா.

கரண்டி கையில் அப்படியே நின்றது. ஓம்... நான்தான் சொன்னேன். ஆனால் நான் சொன்னது இதை இல்லை. நான் சொன்னது என்ன, ராத்தாவுக்கு விளங்கியது என்ன, அதற்கிடையில் ஒரு புதுக் குடித்தனம் எப்படிக் கவிழப் பார்த்தது? இந்த வாரம் அந்தக் கதைதான்.

முதலில் ஹோஜிச்சா. தெரியாதவர்கள் வெட்கப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு முன் எனக்கும் தெரியாது.

ஜப்பான்காரர்கள் பச்சைத் தேயிலையை, சிலவேளை காம்போடு சேர்த்து, நெருப்பில் வறுத்தெடுக்கிறார்கள். பச்சை நிறம் போய் மண்ணிறம் வரும். கசப்புக் குறையும். வெந்நீரில் போட்டால் செங்கல் நிறத்தில் ஒரு தேநீர் இறங்கும். அதை அவர்கள் சீனியும் இல்லாமல் பாலும் இல்லாமல், சாப்பாட்டோடு சாதாரணமாகக் குடிப்பார்களாம். இப்போது உலகம் முழுக்க அதைப் பாலில் கலக்கிறார்கள், ஐஸ்கிறீமில் போடுகிறார்கள், கேக், புடிங், பிஸ்கட் என்று ஒன்றையும் விட்டுவைக்கவில்லை. நல்ல சாமான்தான். எனக்கு ஜப்பானோடு ஒரு வழக்கும் கிடையாது. என் வழக்கு ராத்தாவோடு.

ராத்தா என்றால் எங்கள் பக்கத்தில் மூத்த சகோதரி. என் ராத்தாவைப் பற்றி இந்தப் பக்கத்தில் முன்பும் எழுதியிருக்கிறேன். மீன்காரரின் தராசைப் பிடுங்கித் தன் கையால் நிறுத்தவர். கரண்ட் பில் கொண்டுவந்தவரை வாசலில் நிறுத்தி, அவர் வாயாலேயே "பிழைதான்" என்று சொல்லவைத்தவர். அவருடைய குரல் கடற்கரை வீதியில் இருந்து பிரதான வீதிவரை கேட்கும் என்பார்கள். கேட்டிருக்கிறேன்.

அப்பேர்ப்பட்ட ராத்தா ஒரேயொரு மனிதருக்கு முன்னால் மட்டும் ஊமை. அவர் மகள் சப்னாவைக் கட்டிய மாப்பிள்ளை.

எங்கள் கரையோரத்தில் கல்யாணம் முடிந்தால் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிவருவார். வீடு பெண்ணுக்கு. வருகிறவர் மாமனார் மாமியோடு ஒரே கூரைக்குக் கீழே இருக்கவேண்டும். அதில் ஒரு பழைய வழக்கம் — மாமி, மருமகனோடு முகத்துக்கு முகம் கதைக்கமாட்டார். கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு, முக்காட்டை இழுத்துவிட்டு, மூன்றாவது ஆள் மூலமாகத்தான் எல்லாம். இப்போது பெரும்பாலான வீடுகளில் அது இல்லை. மாமியும் மருமகனும் போனில் மணிக்கணக்காகக் கதைக்கிறார்கள், சண்டைகூடப் பிடிக்கிறார்கள். ஆனால் ராத்தா விடுவாரா? "நம்மட உம்மா கதைச்சாவா? அப்ப நானும் கதைக்கிறல்ல" — அவ்வளவுதான்.

மாப்பிள்ளை றிஸ்வான், பாலமுனைப் பொடியன். ஜப்பானில் பழைய வாகனங்கள் கழுவி ஏற்றி அனுப்புகிற இடத்தில் சில வருஷம் வேலை செய்துவிட்டு வந்து, அட்டாளைச்சேனையில் வாகன உதிரிப்பாகக் கடை போட்டிருக்கிறார். அமைதியான பிள்ளை. எதைக் கேட்டாலும் முதலில் சிரிப்பார், பிறகு யோசிப்பார், பிறகு "பரவால்ல" என்பார்.

கல்யாணம் முடிந்த அடுத்த நாள் காலை. மாப்பிள்ளை ஹோலில் உட்கார்ந்திருக்கிறார். ராத்தா அடுப்படித் திரைச்சீலைக்குப் பின்னால். இடையில் சப்னா.

"சப்னா... மருமகன் ஜப்பான்ல விடிய என்ன குடிக்கிற எண்டு கேளுகா."

ராத்தாவின் குரல் தெருவுக்கே கேட்கும்போது ஹோலில் இருக்கிறவருக்குக் கேட்காதா? கேட்டது. ஆனால் கேட்டதாகக் காட்டிக்கொள்ளக் கூடாது. சப்னா வந்து அதே கேள்வியைத் திரும்பக் கேட்கும்வரை அவர் சுவரில் இருந்த பல்லியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு சொன்னார்: "அங்க ஹோஜிச்சா எண்டு ஒரு தேத்தண்ணி. வேல செய்ற இடத்துல மிசின்ல சும்மா வரும்."

சப்னா திரைச்சீலைக்குப் போய்ச் சொன்னாள்: "ஹோஜிச்சாவாம் உம்மா."

பார்த்தீர்களா? மிசினும் சும்மாவும் திரைச்சீலையில் தடுக்கி விழுந்துவிட்டன. உள்ளே போனது ஹோஜிச்சா மட்டும்.

பெண் வீட்டில் மாப்பிள்ளை ஒரு சாமானின் பெயரைச் சொன்னால் அது தகவல் அல்ல, உத்தரவு. எங்கள் சொந்தத்தில் ஒரு மாப்பிள்ளை, தெருவால் போன வாத்தைப் பார்த்து "நல்ல வாத்து" என்றாராம். அதற்குப் பிறகு அந்த வீட்டில் வாத்து இல்லாத வெள்ளிக்கிழமை கிடையாது. அவருக்கு இப்போது பேரப்பிள்ளைகள் இருக்கிறார்கள். இன்னும் வாத்துத்தான் சாப்பிடுகிறார்.

ராத்தா சொந்தபந்தம் முழுவதையும் உசுப்பிவிட்டார். கொழும்பில் இருக்கிற தன் கணவரின் தம்பிக்குப் போன், கண்டியில் படிக்கிற பிள்ளைக்குப் போன், எனக்கும் போன். "எப்படியாவது எடு. மருமகன் விடிய வாய் நனைக்காம இரிக்காரு." கடைசியில் கொழும்பில் ஒரு பெரிய கடையில் உள்ளங்கை அளவு பக்கட் ஒன்று அகப்பட்டு, பஸ்ஸில் ஏறி நிந்தவூருக்கு வந்து சேர்ந்தது.

ராத்தா அதை ஊற்றிய விதத்தை ஜப்பான்காரர் யாரும் பார்க்கவில்லை என்பது எனக்கு ஆறுதல். சட்டியில் போட்டுக் கொதிக்க வைத்து, டின்பால் ஊற்றி, இஞ்சி தட்டிப் போட்டு, நுரை வர ஆற்றி... பக்கட் ஒரு கிழமைகூடத் தாங்கவில்லை.

அப்போதுதான் சப்னா போனில் ஒரு வீடியோவைக் காட்டினாள். பச்சைத் தேயிலையை வீட்டிலேயே வறுத்து ஹோஜிச்சா செய்யலாமாம்!

"வறுக்கிறதா? இதுக்கா கொழும்புக்குப் போன?" என்று ராத்தா சிரித்தார்.

வறுப்பதில் ராத்தாவுக்கு நிகர் அந்தத் தெருவில் இல்லை. மா வறுப்பார், பயறு வறுப்பார், கொத்தமல்லி வறுப்பார். கோப்பிக்கொட்டை வறுத்தால் வழியில் போகிறவர்கள் நின்று மூச்சிழுத்துவிட்டுப் போவார்கள். பச்சைத் தேயிலைக்கும் எங்கள் ஊரில் பஞ்சமில்லை. வயிற்றைக் குறைக்க ஆசைப்பட்டு வாங்கி, ஒரு நாள் குடித்துவிட்டு அலுமாரியில் வைத்தவர்கள் வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். ராத்தா அதையெல்லாம் திரட்டிக்கொண்டு வந்து, ஓட்டுச் சட்டியை அடுப்பில் ஏற்றினார்.

அந்த வீடியோவில் சொன்னது என்னவோ சிறு நெருப்பு, கொஞ்ச நேரம். ராத்தாவுக்குத் தெரிந்த பதம் கோப்பிப் பதம். புகை கிளம்பியது. பக்கத்து வீட்டுக்காரர் வாளித் தண்ணீரோடு மதிலால் எட்டிப் பார்த்து "என்ன பத்துது?" என்று கத்தினார். வீட்டுப் பூனை அன்றைக்குக் கூரையில் ஏறியது, ஒரு நாள் முழுக்க இறங்கவில்லை.

அந்தக் கரியை அரைத்து, வடித்து, கோப்பையில் ஊற்றி மாப்பிள்ளைக்கு வைத்தார்கள். மாப்பிள்ளை குடித்தார்.

"எப்படியாம்?" — திரைச்சீலை.

"எப்படியாம்?" — சப்னா.

மாப்பிள்ளை சிரித்தார். யோசித்தார். "நல்லாயிருக்கு" என்றார்.

முடிந்தது கதை. அன்றிலிருந்து அந்த வீட்டில் விடிய ஹோஜிச்சா, பகல் ஹோஜிச்சா, பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பிறகு ஹோஜிச்சா. விருந்தாளிகளுக்கும் அதுதான். நானும் குடித்தேன். "நல்லாயிருக்கு ராத்தா" என்று நானும் சொன்னேன். மாப்பிள்ளை விரும்பிக் குடிக்கிற சாமானை எந்த மாமா குறை சொல்வான்? மச்சான் — ராத்தாவின் கணவர் — ஒவ்வொரு மிடறுக்கும் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். ருசித்துக் குடிக்கிறார் என்று நினைத்தேன்.

சரி, இப்போது அட்டாளைச்சேனைக்கு வாருங்கள்.

போன மாதம் ஒரு அலுவலாக அக்கரைப்பற்றுக்குப் போக பஸ் ஏறினேன். அட்டாளைச்சேனையில் டயர் காற்றுப்போய் எல்லோரையும் இறக்கிவிட்டார்கள். பக்கத்தில் ஒரு தேத்தண்ணிக் கடை. உள்ளே போனால் மூலை மேசையில் ஒருவர் ஹெல்மட்டைக் கழற்றாமல் உட்கார்ந்திருக்கிறார். முகம் முழுவதும் மூடுகிற ஹெல்மட். முன் கண்ணாடியைக் கொஞ்சம் தூக்குகிறார், பால் விடாத பிளேன்டீயை ஒரு மிடறு குடிக்கிறார், கண்ணாடியை இறக்குகிறார். மறுபடியும் தூக்குகிறார்...

கடைக்காரர் என் காதுக்குள் சொன்னார்: "ஒவ்வொரு நாளும் இப்படித்தான் வாறாரு. பொலிஸ்ல தேடுற ஆளோ எண்டு யோசிக்கன்."

எனக்கு அந்தச் சட்டையைத் தெரியும். பெருநாளைக்கு நானே எடுத்துக் கொடுத்த சட்டை.

"மருமகன்?" என்றேன்.

ஹெல்மட் திரும்பியது. உள்ளேயிருந்து ஒரு நடுங்கிய குரல்: "மாமா... ஊட்ட செல்லிராதீங்க."

சாராயக் கடையில் பிடிபட்டவன்கூட இப்படிப் பயந்திருக்கமாட்டான். கழற்றச் சொன்னேன். கழற்றினார். கன்னம் ஒட்டிப்போயிருந்தது. புது மாப்பிள்ளை மாமி வீட்டில் பருக்கவேண்டிய நேரத்தில் இந்தப் பிள்ளை வற்றிக்கொண்டு போகிறது.

"என்ன இது மருமகன்? அங்க ஊட்ட உங்கட ஹோஜிச்சா காத்துக்கிட்டு இரிக்கி..."

"மாமா, அது என்ட ஹோஜிச்சா இல்ல. அல்லாஹ்ட காவல், நான் ஜப்பான்ல அதக் குடிக்கிறல்ல. ஒருக்கா ரெண்டுதரம் மிசின்ல எடுத்துப் பாத்த. அங்க நான் குடிச்ச எல்லாம் டின் கோப்பி. என்ன குடிக்கிற எண்டு கேட்டாங்க... வாயில வந்ததச் செல்லிட்டன்."

"அப்ப வேணாம் எண்டு செல்றதானே?"

"ஆருக்கிட்ட மாமா? மாமி என்னோட கதைக்கிறல்லையே. சப்னாக்கிட்டச் சென்னன். உம்மா புகைக்குள்ள நிண்டு கண் செவந்து வறுக்கிறாங்க, நான் எந்த வாயால செல்ற எண்டு அழுகுறா."

கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு மெதுவாகச் சொன்னார்.

"பழைய முதலாளி வரச் செல்றாரு. ஜப்பானுக்கே போயிரலாம் எண்டு யோசிக்கன் மாமா."

"ஏன்?"

"அங்க போனா இதக் குடிக்கத் தேவல்லையே."

ஜப்பான் தேத்தண்ணிக்குப் பயந்து ஜப்பானுக்கு ஓடப் பார்க்கிற மனிதனை நான் வாழ்க்கையில் முதல்முறை கண்டேன். சிரிப்பு வந்தது. கூடவே சப்னாவின் முகமும் வந்தது. சப்னா என் கையில் வளர்ந்த பிள்ளை. கட்டி மூன்று மாதம்கூட ஆகவில்லை. எங்கள் ஊர்களில் எத்தனை பெண்களுக்குப் புருஷன் என்றால் போனில் தெரிகிற முகம்தான்? கஷ்டத்துக்காகப் போகிறவர்களை ஒன்றும் சொல்ல முடியாது. ஒரு கோப்பை தேத்தண்ணிக்காகவா போவது?

"அவசரப்படாதீங்க. நான் ராத்தாவோட கதைக்கிறன்" என்றேன்.

இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போலிருக்கிறது.

நேரே நிந்தவூருக்குப் போனேன். ராத்தா அடுப்படியில் நின்றார். முகமெல்லாம் கரி, கண்ணெல்லாம் சிவப்பு. "பாரு, இன்டைக்குப் பதம் நல்லா வந்திரிக்கி" என்று சட்டியைத் தூக்கிக் காட்டினார். அந்தச் சிரிப்பைப் பார்த்துக்கொண்டு, 'உங்கள் மருமகன் இதற்குப் பயந்து ஹெல்மட்டுக்குள் ஒளிந்திருக்கிறார்' என்று எப்படிச் சொல்வது? அதோடு, 'அந்த வீட்டு மாப்பிள்ளை கடையில் தேத்தண்ணி குடிக்கிறார்' என்று தெருவில் ஒரு வார்த்தை வந்தால் ராத்தா உயிரை விட்டுவிடுவார். பெண் வீட்டுக்கு அதைவிட மானக்கேடு கிடையாது.

ஆகவே, நான் ராஜதந்திரம் செய்தேன்.

"ராத்தா... எந்த நாளும் ஒரே மாதிரித் தேத்தண்ணியா குடுக்கிற? மனிசனுக்கு அலுக்காதா? கொஞ்சம் மாத்திக் குடுங்களன்."

ராத்தா சட்டியை இறக்கி வைத்தார். நெற்றியைத் துடைத்தார். யோசித்தார்.

"நீ செல்றது மெய்தான்டா தம்பி. எனக்கு இது தோணல்லயே" என்றார்.

வெற்றி! கல்முனையில் இருக்கும் என் வீட்டுக்கு வந்து மனைவியிடம் பெருமையாகச் சொன்னேன். அவள் மீன் கழுவிக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்க்காமலே கேட்டாள்: "தேத்தண்ணிய மாத்தச் சென்னீங்களா, கோப்பைய மாத்தச் சென்னீங்களா?"

அப்போது விளங்கவில்லை. வெள்ளிக்கிழமை வட்டிலப்பத்தில் விளங்கியது.

ராத்தா மாற்றித்தான் கொடுத்தார். ஹோஜிச்சாவை அல்ல, அது வருகிற வேஷத்தை. சப்னாவின் போனில் இருந்த வீடியோ முழுவதையும் ராத்தா பார்த்து முடித்திருந்தார். ஹோஜிச்சா வட்டிலப்பம் போனதும் ஹோஜிச்சா கேக் வந்தது. எருமைத் தயிருக்கு மேலே தேன் ஊற்றி, அதற்கு மேலே ஹோஜிச்சாத் தூள். பிரிட்ஜைத் திறந்தால் அச்சில் ஹோஜிச்சா ஐஸ்கிறீம். முன்பு அந்தப் பிள்ளைக்குத் தேத்தண்ணி நேரத்தில் மட்டும்தான் பயம். நான் செய்த உதவியால், இப்போது எந்தக் கோப்பையைத் திறக்கவும் பயம்.

அன்றைக்கு நான் திரும்பும்போது வாசலில் வைத்து றிஸ்வான் என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை நான் என் எதிரிக்கும் தரமாட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை பாலமுனையில் இருந்து மாப்பிள்ளையின் உம்மா, தன் இரண்டு பெண்மக்களோடு மருமகளைப் பார்க்க வந்தார். என்னையும் வரச் சொல்லியிருந்தார்கள். சம்பந்தி வீட்டுக்கு வெறுங்கையோடு வருவார்களா? பெரிய தட்டங்கள் வந்தன. ராத்தா ஒவ்வொன்றாக மூடியைத் திறந்தார்.

ஹோஜிச்சா புடிங். ஹோஜிச்சா தொதல்.

"இந்த ஊட்ட எல்லாரும் இதத்தான் விரும்புறயாம் எண்டு கேள்விப்பட்டன். அதான் மகளுக்காக நானே செஞ்ச" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. அவருடைய கண்ணும் சிவந்திருந்தது. பாலமுனையிலும் புகை!

ராத்தா சும்மா இருப்பாரா? உயரமான கிளாஸ்களில் ஹோஜிச்சா பலூடா வந்தது. கசகசா, ஜெலி, ஐஸ்கிறீம், எல்லாவற்றுக்கும் மேலே அந்தத் தூள். ஹோல் முழுக்க ஆட்கள் உட்கார்ந்து, ஒருவர் மற்றவரின் சாமானைச் சாப்பிட்டோம்.

"நல்லாயிருக்கு மச்சி" என்றார் மாப்பிள்ளையின் உம்மா.

"உங்கட தொதல்தான் நல்லாயிருக்கு" என்றார் ராத்தா.

"பலூடா மெய்யா நல்லாயிருக்கு."

ஒருவரும் அடுத்த கரண்டி எடுக்கவில்லை. எல்லோரும் கிண்டிக்கொண்டே இருந்தார்கள். மருமகன் ஹோலில் வந்து உட்கார்ந்ததும் ராத்தா திரைச்சீலைக்குப் பின்னால் போய்விட்டார்.

அந்த நேரம் பார்த்து றிஸ்வான் தொண்டையைச் செருமினார்.

"நான் திரும்பவும் ஜப்பானுக்குப் போகலாம் எண்டு இரிக்கன். அடுத்த மாசம்."

சப்னாவின் கையில் இருந்த கிளாஸ் சாய்ந்து பலூடா மேசையில் ஓடியது. அவள் துடைக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். கண்ணீர் சத்தமில்லாமல் விழுந்தது.

மாப்பிள்ளையின் உம்மா பெருமூச்சு விட்டுச் சொன்னார்: "அவனுக்கு அங்கத்தய தேத்தண்ணிட ருசி விடுதில்ல போல."

நான் வாயைத் திறந்தேன். இப்போது சொல்லாவிட்டால் எப்போது? ஆனால் வாய்க்குள் தொதல். தொதல் தெரியும்தானே உங்களுக்கு? நல்ல தொதலே பல்லை விடாது. இது ஹோஜிச்சாத் தொதல். மேல்வாயும் கீழ்வாயும் ஒட்டிக்கொண்டன. நான் கையை ஆட்டினேன். மச்சான் எனக்குத் தண்ணீர் தந்தார்.

அப்போது திரைச்சீலை விலகியது.

ராத்தா வெளியே வந்தார். முக்காட்டைச் சரியாக இழுத்துவிட்டுக்கொண்டு, ஹோலைக் கடந்து, மருமகனுக்கு முன்னால் வந்து நின்றார். மச்சான் எழும்பி நின்றுவிட்டார், ஏன் என்று அவருக்கே தெரியாது.

"மருமகன்" என்றார் ராத்தா.

கல்யாணம் முடிந்த நாளில் இருந்து அவர் அந்தப் பிள்ளைக்கு நேரே சொன்ன முதல் வார்த்தை. றிஸ்வானும் எழும்பிவிட்டார்.

"நான் ஊத்துறது ஜப்பான்ல ஊத்துற மாதிரி வருதில்ல. எனக்குத் தெரியும். வறுத்து வறுத்துப் பாக்கன், அந்தப் பதம் எனக்குப் புடிபடுதில்ல. இன்னும் என்ன செஞ்சா நீங்க என்ட புள்ளய உட்டுட்டுப் போகாம இஞ்ச நிப்பீங்க? அதச் செல்லுங்க. செய்றன்."

தராசைப் பிடுங்கிய கை முக்காட்டு நுனியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

றிஸ்வான் பழக்கதோஷத்தில் பதில் சொல்ல மூன்றாவது ஆளைத் தேடினார். சப்னாவைப் பார்த்தார். அவள் குனிந்திருந்தாள். மச்சானைப் பார்த்தார். மச்சான் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்தார். எனக்கு வாய் திறக்காது. கொண்டுபோய்ச் சேர்க்க ஆளில்லை. முன்னால் மாமிதான் நிற்கிறார்.

"மாமி..." என்றார். "ஒரு பிளேன்டீ தந்தாப் போதும்."



"பிளேன்டீயா?" என்றார் ராத்தா.

"ஓம் மாமி. இஞ்சி போட்டு."

ராத்தா பக்கத்தில் இருந்த கதிரையில் பொத்தென்று உட்கார்ந்தார். அழப்போகிறார் என்று நினைத்தேன்.

"என்டல்லாஹ்வே... எனக்கும் அதான் மகனெ வேணும். கரிச்சட்டிய நக்கின மாதிரி இரிக்கி நாக்கு."

அவ்வளவுதான். அணைக்கட்டு உடைந்தது. தான் ஒவ்வொரு நாளும் அஸர் தொழுகைக்குப் போகிற சாட்டில் பள்ளிவாசலடிக் கடையில் தேத்தண்ணி குடிக்கிறதாக மச்சான் ஒத்துக்கொண்டார். "கோவிக்காதீங்க மச்சி, இந்தத் தொதல் கிண்டும்போது நான் ரெண்டு தரம் சட்டியோட கொட்டப் போன" என்றார் மாப்பிள்ளையின் உம்மா. பெண்மக்கள் கிளாஸை மேசைக்குக் கீழே ஒளித்து வைத்திருந்தார்கள். என் பங்குக்கு நானும் எதையோ ஒத்துக்கொண்டேன், தொதல் காரணமாக ஒருவருக்கும் விளங்கவில்லை.

பெரிய கேத்தல் அடுப்பில் ஏறியது. இஞ்சி தட்டிய பிளேன்டீ வந்தது. றிஸ்வான் முதல் மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடினார். ஜப்பான் பேச்சு அந்தக் கோப்பையோடு முடிந்தது. அன்று பின்னேரமே முதலாளிக்கு வரவில்லை என்று செய்தி போட்டுவிட்டார்.

மிஞ்சிய தட்டங்களை வாசலில் நின்ற ஆட்டுக்கு வைத்தோம். ஆடு முகர்ந்து பார்த்தது. தலையைத் திருப்பிக்கொண்டு போய்விட்டது. மூன்று மாதமாக அந்த வளவில் மனதில் பட்டதை மறைக்காத ஒரே ஜீவன்!

ஒரு விஷயம் சொல்ல மறந்துவிட்டேன். எல்லோரும் சிரித்து முடித்தபிறகு சப்னா மெதுவாகச் சொன்னாள்: "எனக்கு மட்டும் அது மெய்யாவே விருப்பம்." எல்லோரும் திரும்பிப் பார்த்தோம். உம்மா இல்லாத நேரம், மெல்லிய நெருப்பில் கொஞ்சமாக வறுத்து, வெறும் வெந்நீரில் ஊற்றித் தனியாகக் குடிப்பாளாம். எனக்கும் ஒரு கோப்பை தந்தாள். பால் இல்லை, டின்பால் இல்லை, கரி இல்லை. குடித்தேன். புதிதாக வறுத்த கச்சான் கடலை வாசம் மாதிரி ஒன்று மூக்கில் ஏறியது... நல்லாயிருந்தது. இந்த முறை மெய்யாகத்தான் சொல்கிறேன். ஆனால் என்னை அந்த வீட்டில் இனி யார் நம்பப்போகிறார்கள்?

யோசித்துப் பார்த்தால், நாங்கள் கெட்டவர்கள் இல்லை. ஒருவரில் ஒருவர் உயிரை விடுகிற ஆட்கள்தான். மற்றவருக்கு விருப்பம் என்று நினைத்து, நாங்கள் வெறுக்கிற சாமானைக் கண் சிவக்கச் செய்வோம். அவரும் எங்களுக்காக அதைக் கண்ணை மூடி விழுங்குவார். கேட்டால் இரண்டு பக்கமும் "மரியாதை" என்போம். ஒரு கேள்வியை நேரே கேட்டால் முடிகிற விஷயம். அந்தக் கேள்விக்குத்தான் எங்களிடம் ஆயிரம் திரைச்சீலை.

நேற்றுக் காலை ராத்தாவின் போன் வந்தது. எடுத்த எடுப்பிலேயே கொதிப்பு.

"தம்பி, இதக் கேளு. விடிய மருமகனுக்குப் பிளேன்டீ ஊத்திக் குடுத்தன். ஒரு மிடறு குடிச்சுப் போட்டுச் செல்றாரு, மாமி, சீனி கூடிப்போச்சு எண்டு. எனக்கு! என்ட தேத்தண்ணிக்கு!"

நான் பதறிப்போனேன். மறுபடியும் ஒரு பஞ்சாயத்தா? "சரி ராத்தா, சின்னப் புள்ள, பெரிசா எடுக்காதீங்க, நான் வந்து கதைக்கிறன்" என்றேன்.

"நீ ஒண்டும் வந்து கதைக்கத் தேவல்ல" என்றார் ராத்தா. குரலில் கொதிப்பு எங்கே போனதென்று தெரியவில்லை.

"சப்னாக்கிட்டச் செல்லல்ல, மச்சான்கிட்டச் செல்லல்ல... என்ட மொகத்தப் பாத்துச் சென்னாருடா!"